ஓவியம் நாடு விட்டு நாடு போகும்போது: அனுமதி முதல் பெட்டி பிரிப்பது வரை

படம் விற்றாயிற்று. வாங்கியவர் வேறு நாட்டில் இருக்கிறார். திரையில் பார்த்தே வாங்குகிறவர்கள் கூடிவிட்டதால், படத்தை அவர் முதன்முதலாக நேரில் பார்க்கப் போவதே பெட்டியைத் திறக்கும்போதுதான். இந்த நிலையில் எல்லோருக்கும் கை ஃபோனுக்குத்தான் போகிறது. ஒரு சரக்கு ஏஜென்டைக் கூப்பிட்டு “எவ்வளவு ஆகும்?” என்று கேட்கிறார்கள். கீழே உள்ள வரிசையில் அது ஆறாவது வேலை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் சாலையைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். நான் பார்த்த சேதங்களில் பெரும்பாலானவை வண்டி நின்ற இடத்தில் நடந்தவை. சுவரிலிருந்து இறக்கும்போது, லாரியில் ஏற்றும்போது, விமான நிலையக் கிடங்கில், வாங்கியவர் வீட்டு வாசலில் என்று, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் படம் மாறும்போதெல்லாம் ஆபத்து இருக்கிறது. கலைப்பொருளுக்கென்றே இருக்கும் போக்குவரத்துக்காரர்கள் அதிகக் கூலி வாங்குவது இந்தக் கைமாற்றங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதற்கும், ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் சாட்சி வைப்பதற்கும்தான். அவர்களிடம் போவதற்கு முன் நீங்கள் செய்து முடிக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

தொடங்கும் முன் இவை கையில் இருக்கட்டும்: விற்பனை ரசீது, கலைஞர் பெயர், தலைப்பு, வரைந்த ஆண்டு, என்ன பெயிண்ட், எதன்மேல் வரைந்தது, படம் இதுவரை யார் யாரிடம் இருந்தது என்பதற்கான காகிதங்கள், முன்பக்கமும் பின்பக்கமும் எடுத்த ஃபோட்டோக்கள், இரண்டு முகவரிகள். முகவரி என்றால் மாடி எண், லிஃப்டின் அளவு, வாசலில் லாரி நிற்க முடியுமா என்பது உட்பட.

1. படம் வெளியே போகலாமா?

இரண்டு கேள்விகள்: வயது என்ன, எந்தப் பொருளால் ஆனது.

குறிப்பிட்ட வயதைத் தாண்டிய கலைப்பொருள்களுக்குப் பல நாடுகள் ஏற்றுமதி உரிமம் கேட்கின்றன. சில நாடுகள் வெளியே விடுவதே இல்லை. வயது வரம்பு நாட்டுக்கு நாடு மாறும். உரிமம் கைக்கு வர வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகலாம். இதை முதலில் வைப்பதற்குக் காரணம் அதுதான். பெட்டி செய்து, விமானத்தில் இடமும் பிடித்துவிட்டு உரிமத்துக்குக் காத்திருந்தால் கிடங்கு வாடகை ஏறிக்கொண்டே போகும்.

சேரும் நாட்டின் விதியையும் இப்போதே பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உருவான பழம்பொருள்கள் உள்ளே வர 2025 ஜூன் 28 முதல் தனி நடைமுறை இருக்கிறது. 250 ஆண்டுகளைத் தாண்டிய தொல்லியல் பொருள்களுக்கு இறக்குமதி உரிமம் வேண்டும். 200 ஆண்டுகளைத் தாண்டி, 18,000 யூரோவோ அதற்கு மேலோ மதிப்புள்ள ஓவியம் போன்றவற்றுக்கு இறக்குமதியாளர் உறுதிமொழி தர வேண்டும்.

இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். தந்தம், ஆமை ஓடு, சில பவளங்கள், பிரேசில் ரோஸ்வுட் எல்லாம், அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கீழ் வருகின்றன. துண்டு சிறிதாக இருந்தாலும் அனுமதி கேட்பார்கள். ஒருமுறை ஒரு படச்சட்டத்தின் நான்கு மூலையிலும் வெள்ளையாக ஏதோ பதித்திருந்தது. எலும்பு என்று எல்லோரும் நினைத்தோம். தந்தம். கடைசியில் படத்தை வேறு சட்டத்துக்கு மாற்றித்தான் அனுப்ப முடிந்தது. பழைய சட்டம் இன்னும் விற்றவர் வீட்டிலேயே இருக்கிறது.

2. மூன்று முறை அளவெடுங்கள்

படம் மட்டும், சட்டத்தோடு, பெட்டியோடு. விலை கேட்கும்போது புதியவர்கள் முதல் அளவைக் கொடுக்கிறார்கள். சரக்குக்காரருக்கு வேண்டியது மூன்றாவது. இரு பக்கமும் 5 செ.மீ. ஃபோம், பலகை, வெளிப்புறக் கட்டைகள் எல்லாம் சேர்ந்தால் நீளத்திலும் உயரத்திலும் 15 முதல் 20 செ.மீ. கூடிவிடும். அடியில் ஃபோர்க்லிஃப்ட் நுழையக் கட்டை வைத்தால் இன்னும் 10.

அகலமான பயணிகள் விமானங்களின் அடித்தளத்தில் சுமார் 160 செ.மீ. உயரம் வரைதான் சரக்கு ஏற்ற முடியும். அதைத் தாண்டினால் தனிச் சரக்கு விமானம் தேட வேண்டும். அது எல்லா ஊருக்கும் போகாது, கட்டணமும் அதிகம். சுவரில் தொங்கும் உயரத்தைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். பெட்டி நீளமான பக்கத்தைத் தரையில் ஊன்றி நிற்கும், ஆகவே குட்டையான பக்கம்தான் உயரக் கணக்கில் வரும். படத்தின் குட்டையான பக்கமே 140 செ.மீ. என்றால், பெட்டி 160-ஐத் தொட்டுவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் எடைக் கணக்கு. விமானச் சரக்கில் உண்மை எடை, கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். நீளம், அகலம், உயரத்தைச் செ.மீ.யில் பெருக்கி 6000-ஆல் வகுத்தால் கன அளவு எடை வரும். 150 × 120 × 30 பெட்டி 45 கிலோதான் இருந்தாலும் 90 கிலோவுக்குக் காசு கொடுப்பீர்கள். கூரியர்கள் பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள். அப்படிப் பார்த்தால் 108.

வழியையும் அளந்து பாருங்கள். நான் அளந்தது வாசலை, லிஃப்டின் உயரத்தை, படிக்கட்டின் அகலத்தை. படி திரும்பும் இடத்தை விட்டுவிட்டேன். பெட்டி 3 செ.மீ. பெரிது. தெருவிலேயே பெட்டியைத் திறந்து, படத்தை மட்டும் கையில் தூக்கிக்கொண்டு ஏறினோம். அவ்வளவு செலவு செய்து செய்த பெட்டி, மிகவும் தேவைப்பட்ட அந்த இடத்தில் உதவவில்லை.

3. நிலை அறிக்கை எழுதுங்கள்

கண்டிஷன் ரிப்போர்ட் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். பெட்டிக்குள் வைக்கும் முன், படம் இன்று எப்படி இருக்கிறது என்று எழுதுவது. “நல்ல நிலையில் உள்ளது” என்று ஒரு வரி எழுதியிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அந்த வரியை வைத்துக்கொண்டு எந்த இன்சூரன்ஸ் க்ளெய்மும் நிற்காது. ஒரு வெடிப்பு பழையதா புதியதா என்று அது சொல்லாது.

அறையை இருட்டாக்கி, டார்ச்சை ஒரு பக்கமாக, கேன்வாஸ் பரப்போடு ஒட்டியதுபோல் சாய்த்துப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் ஒன்றுமே தெரியாத படத்தில் மேடு, பள்ளம், சுருக்கம், தூக்கிக்கொண்டு நிற்கும் பெயிண்ட் எல்லாம் நிழல் போட்டுக் காட்டும். ஒவ்வொரு குறைக்கும் ஓர் எண், இடது ஓரத்திலிருந்தும் மேல் ஓரத்திலிருந்தும் எத்தனை செ.மீ. என்ற குறிப்பு, அளவுகோல் வைத்து எடுத்த ஒரு படம். பின்பக்கத்தையும் எடுங்கள், பழைய லேபிள்களும் முத்திரைகளும் அங்கேதான் இருக்கும்.

பெயிண்ட் பொரிந்து நிற்பது தெரிந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு, பழுதுபார்க்கும் நிபுணரிடம் காட்டுங்கள். எவ்வளவு நல்ல பெட்டியாக இருந்தாலும் உதிரத் தயாராக இருப்பதைப் பிடித்து வைக்காது. புதிய எண்ணெய் ஓவியத்திலும் கவனம் வேண்டும். தொட்டால் கையில் ஒட்டாது, ஆனால் தடித்த பூச்சின் உள்ளே ஈரம் பல மாதம் இருக்கும். அந்த நிலையில் மேலே எதை வைத்தாலும் தடம் பதியும்.

அறிக்கையின் ஒரு பிரதி படத்தோடு போக வேண்டும். வழியில் எங்கெல்லாம் பெட்டி திறக்கப்படுகிறதோ அங்கெல்லாம் பார்த்து, தேதி போட்டு, கையெழுத்து வாங்க வேண்டும்.

4. பொறுப்பு எந்த இடத்தில் மாறுகிறது?

விற்பவர் வாசலிலா, வாங்குபவர் வாசலிலா, நடுவிலா? சர்வதேச வணிகத்தில் பொறுப்பைப் பிரித்துச் சொல்லும் இன்கோடெர்ம்ஸ் 2020 சொற்களில் எழுதிக்கொள்வது நல்லது. ஈஎக்ஸ்டபிள்யூ என்றால் விற்பவர் வாசலிலேயே பொறுப்பு மாறிவிடும், ஏற்றுமதிக் காகிதங்களும் வாங்குபவர் தலையில். வெளிநாட்டில் இருக்கும் ஒருவரால் அதைச் செய்வது கடினம் என்பதால் நான் அதை எழுத விடுவதில்லை. டிஏபி என்றால் சேரும் இடம் வரை விற்பவர், இறக்குமதி வரி வாங்குபவர். டிடிபி என்றால் வரியும் விற்பவருடையது. வரி யாருடையது என்று பேசாமல் அனுப்பிய படங்கள் சுங்கக் கிடங்கில் உட்கார்ந்திருக்கும், இரண்டு பேரும் மெயிலில் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

5. காப்பீடு: எடைக்கா, மதிப்புக்கா?

“சரக்குக்காரர்களிடமே இன்சூரன்ஸ் இருக்கிறதே” என்பது அடிக்கடி கேட்கும் வாக்கியம். அவர்களிடம் இருப்பது பொறுப்பு வரம்பு. அது எடையைப் பொறுத்தது. சர்வதேச விமானச் சரக்குக்கு மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி 2024 டிசம்பர் 28 முதல் கிலோவுக்கு 26 எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. ஐரோப்பாவில் நாடு தாண்டும் லாரிகளுக்கான சிஎம்ஆர் ஒப்பந்தத்தில் கிலோவுக்கு 8.33 எஸ்டிஆர். அதாவது 40 கிலோ பெட்டி விமானத்தில் தொலைந்தால் அதிகபட்சம் 1,040 எஸ்டிஆர். உள்ளே இருப்பது யாருடைய ஓவியம் என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

ஆகவே தனிக் காப்பீடு எடுங்கள். சுவரிலிருந்து இறக்கும் நொடி முதல் அடுத்த சுவரில் மாட்டும் நொடி வரை காப்பீடு செல்லுமா என்று பாருங்கள்; கிடங்கிலிருந்து கிடங்கு வரை என்று இருந்தால் இரு முனையிலும் ஓட்டை. மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்ட தொகையாக எழுத வைக்க வேண்டும். பழுதுபார்த்த பிறகு சந்தை மதிப்பு குறைந்தால் அந்த நஷ்டமும் சேர்கிறதா என்று கேளுங்கள். ஓவியத்தில் பழுதுபார்க்கும் செலவைவிட அந்த நஷ்டம்தான் பல நேரம் பெரிது.

விலக்குகளை வரி விடாமல் படியுங்கள். பாக்கிங் போதாது என்றால் பெரும்பாலான பாலிசிகள் பணம் தராது. நீங்களே கட்டிய பெட்டி உடைந்தால் இந்த வரிதான் உங்கள் முன் வந்து நிற்கும்.

பல படங்களை ஒன்றாக அனுப்புகிறவர்கள் ஒரே வாகனத்துக்கான உச்சவரம்பையும் பார்க்க வேண்டும். 1998 செப்டம்பர் 2 அன்று விழுந்த சுவிஸ்ஏர் 111 விமானத்தில் பிக்காசோவின் ஓவியம் ஒன்றும் போயிற்று. ஒரு கண்காட்சி முழுவதையும் ஒரே விமானத்தில் ஏற்றாமல் பிரித்து அனுப்புவது இப்படிப்பட்ட நாளை நினைத்துத்தான்.

6. இப்போது விலை கேளுங்கள்

ஐசிஇஎஃப்ஏடி, ஆர்டிம் ஆகியவை கலைப்பொருள் போக்குவரத்துக்காரர்களின் சர்வதேசக் கூட்டமைப்புகள். உறுப்பினர் பட்டியலில் இரு முனையிலும் ஆள் தேடலாம். மூன்று பேரிடமாவது ஒரே விவரத்தைக் கொடுத்து விலை வாங்குங்கள்.

விலையைவிட நான் கவனிப்பது பதில்களை. பெட்டி கட்டுவது உங்கள் ஆட்களா, வெளியாளா? வழியில் எத்தனை முறை வண்டி மாறும்? இரவில் எங்கே நிற்கும்? மறுமுனையில் யார் வாங்குவார்கள்? இதற்குப் பதில் தெரியாதவர் எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் விட்டுவிடலாம்.

லாரி என்றால் ஏர் சஸ்பென்ஷன், வெப்பநிலைக் கட்டுப்பாடு, இரண்டு ஓட்டுநர்கள். இரண்டாவது ஆள் இருப்பதால்தான் வண்டியை ஆளில்லாமல் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகமாட்டார்கள். அருங்காட்சியகங்கள் பின்பற்றும் பிசோ நெறிமுறை 16 முதல் 25 டிகிரி செல்சியஸ், 40 முதல் 60 சதவீத ஈரப்பதம் என்கிறது. அதை அடிப்படையாக வைத்துக் கேளுங்கள். அக்ரிலிக் ஓவியம் என்றால் குளிரைப் பற்றித் தனியாகச் சொல்லிவிடுங்கள். உறைநிலையை நெருங்கும் குளிரில் அந்தப் பெயிண்ட் விறைத்து, ஓர் இடிக்கே விரிசல் விடும்.

பல இடத்துப் படங்களைச் சேர்த்து ஏற்றும் கூட்டு லாரி மலிவு, ஆனால் தாமதம். அவசரமில்லாத நடுத்தர மதிப்புள்ள படத்துக்கு அது போதும். கப்பலில் கன்டெய்னர் இரவில் குளிர்ந்து கூரையிலிருந்து நீர் சொட்டும். கனமான சிற்பத்துக்கு வேறு வழியில்லாமல் போகலாம், தாளில் வரைந்ததற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஒப்பிடும்போது எது சேரவில்லை என்று பாருங்கள்: எக்ஸ்ரே சோதனை, விமான நிலையக் கிடங்கு, மாடி ஏற்றுவது, பெட்டி பிரிப்பது, காத்திருக்கும் நேரம். மலிவான விலைப்பட்டியலில் இவை எல்லாம் “தனி” என்று சின்ன எழுத்தில் இருக்கும்.

7. பாக்கிங்: உள்ளிருந்து வெளியே

பெயிண்டைத் தொடும் முதல் அடுக்கு எது என்பதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. ஒருமுறை ஒரு படத்தைப் பிரித்தபோது, கருமையான வார்னிஷ் முழுவதும் வரிசை வரிசையாக வட்டத் தடங்கள். பபிள் ராப்பை நேரடியாகப் படத்தின்மேல் சுற்றி, வெயிலில் நின்ற வண்டியில் அனுப்பியிருந்தார்கள். வார்னிஷ் இளகி, குமிழ் ஒவ்வொன்றும் பதிந்துவிட்டது. பபிள் ராப் வெளி அடுக்குக்குத்தான். அங்கேயும் குமிழ்ப் பக்கம் வெளியே பார்க்கட்டும். அக்ரிலிக்கும் புதிய எண்ணெய்ப் பூச்சும் வழவழப்பான கிளாசின் தாளோடுகூட ஒட்டிக்கொள்ளும். சிலிக்கோன் பூசிய தாள் பாதுகாப்பு. எதுவுமே படக்கூடாத பரப்பு என்றால், படத்தின் பின்பக்கத்தையோ சட்டத்தையோ பிடித்து நிறுத்தும் பயணச் சட்டத்தில் பூட்டி, முன்பக்கத்தில் காற்று மட்டும் இருக்கும்படி விடுங்கள்.

சாதாரணக் கண்ணாடி இருந்தால் அதன்மேல் டேப்பைக் கட்டம் கட்டமாக ஒட்டுங்கள். உடைந்தாலும் துண்டுகள் படத்தின்மேல் விழாமல் டேப்போடு நிற்கும். அக்ரிலிக் ஷீட்டிலும், பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு பூசிய கண்ணாடியிலும் டேப் ஒட்டக்கூடாது. பூச்சு போய்விடும், ஷீட் கீறிவிடும்.

பிறகு ஃபோம். நிறைய வைத்தால் நல்லது என்பது தவறு. அதிர்ச்சியை வாங்க ஃபோம் அமுங்க வேண்டும். இலேசான படத்தின் அடியில் நீளம் முழுக்க விறைப்பான ஃபோமைப் போட்டால் அது அமுங்கவே அமுங்காது. பலகைமேல் வைத்ததற்குச் சமம். குறைவாக வைத்தால் ஒரே அடியில் தரை தட்டும். படத்தின் எடையைத் தாங்கும் பரப்பு எவ்வளவு என்று ஃபோம் தயாரிப்பாளர்கள் வரைபடம் தருகிறார்கள். அதைப் பார்த்து மூலைகளில் துண்டு துண்டாக வையுங்கள்.

பெட்டி ப்ளைவுட். மூட ஆணி கூடாது, திருகு அல்லது போல்ட். சுத்தியல் அடி ஒவ்வொன்றும் படத்துக்குள் போகும், அதோடு பெட்டியை இன்னொரு முறை பயன்படுத்தவும் முடியாது. ஓரத்தில் ரப்பர் பட்டை ஒட்டினால் மழையும் ஈரமும் சட்டென்று உள்ளே வராது. ஒரு ஆள் தூக்கி வீசக்கூடிய எடையில் பெட்டி இருந்தால் வீசத்தான் செய்வார்கள். இரண்டு பேர் பிடிக்க வேண்டிய அளவில் இருந்தால் தானாகவே மரியாதை கிடைக்கும்.

மரத்துக்கும் விதி இருக்கிறது. மரப் பெட்டிகளுக்கான சர்வதேச விதியான ஐஎஸ்பிஎம் 15-இன்படி, பதப்படுத்தாத மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது அனுமதிக்கப்பட்ட வேறு முறையில் பக்குவப்படுத்தப்பட்டு முத்திரை பெற்றிருக்க வேண்டும். ப்ளைவுட்டுக்கு இது தேவையில்லை. அதனாலேயே ஏமாறுகிறார்கள்: பெட்டி ப்ளைவுட், ஆனால் அடியில் அடித்த இரண்டு கட்டைகள் முத்திரையில்லாத மரம். அந்த இரண்டு கட்டைக்காகப் பெட்டியே திரும்பிவிடலாம்.

வெளியே கோப்பைக் குறி, குடைக் குறி, மேல்நோக்கிய அம்பு, எந்தப் பக்கம் திறப்பது என்ற குறி. கலைஞர் பெயரோ மதிப்போ வேண்டாம். பலமாக அடி வாங்கினால் சிவக்கும் அதிர்ச்சிகாட்டி ஒன்றை ஒட்டிவிடுங்கள். அது படத்தைக் காப்பாற்றாது. தூக்குகிறவர்களின் கையை மெதுவாக்கும்.

8. சுங்கக் காகிதங்கள்

இன்வாய்ஸில் “அலங்காரப் பொருள்” என்று எழுதினால் அலங்காரப் பொருளுக்கான வரிதான் வரும். சுங்கக் குறியீட்டு எண்ணைச் சரியாகப் போடுங்கள்: கையால் வரைந்த ஓவியம் 9701, மூல அச்சுப் படைப்பு 9702, மூலச் சிற்பம் 9703. கலைஞர், தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு எல்லாம் அனுமதிச் சான்றிலும் இன்வாய்ஸிலும் பாலிசியிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். அளவில் ஒரு செ.மீ. மாறினாலும் கேள்வி வரும்.

வரியைக் குறைக்க மதிப்பைக் குறைத்துப் போடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம். க்ளெய்ம் வரும் நாளில் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பதும் அந்த இன்வாய்ஸைத்தான்.

கண்காட்சிக்குப் போய்த் திரும்பும் படம் என்றால் ஏடிஏ கார்னே என்ற தற்காலிகச் சுங்க ஆவணம். ஓராண்டு வரை செல்லும், வரி கட்டாமல் உள்ளே போய் வரலாம். ஒவ்வொரு எல்லையிலும் முத்திரை வாங்க வேண்டும். திரும்பும்போது ஒன்று விட்டுப்போனால் படம் அந்த நாட்டிலேயே இருப்பதாகக் கணக்கு, வரி கேட்டு நோட்டீஸ் வரும். கண்காட்சியில் படம் விற்றுவிட்டால் உடனே ஏஜென்டிடம் சொல்லுங்கள். சுவரிலிருந்து கழற்றி வாங்கியவர் கையில் கொடுத்துவிடக்கூடாது.

9. ஏற்றும் நாள்

விமானச் சரக்கு பாதுகாப்புச் சோதனை தாண்டித்தான் ஏறும். எக்ஸ்ரே இயந்திரத்தில் நுழையாத பெட்டியை, கலைப்பொருளைத் தொட்டுப் பழக்கமில்லாத ஒருவர் திறக்க நேரலாம். சோதனை அங்கீகாரம் பெற்ற ஏஜென்டிடம் இதை முன்பே ஒப்படைப்பது அதனால்தான். அப்படியும் திறக்கப்படலாம் என்று நினைத்து, எப்படிப் பிரிப்பது, எப்படித் திரும்ப வைப்பது என்ற படங்களை மூடியின் உட்புறத்தில் ஒட்டுங்கள். மொழி தெரியாதவருக்கும் படம் புரியும்.

லாரியில் பெட்டி நின்றபடி, ஓவியப் பரப்பு வண்டி போகும் திசைக்கு இணையாக இருக்கட்டும். பிரேக் பிடிக்கும்போது கேன்வாஸ் முன்னும் பின்னும் படபடக்காது. ஏற்றிய பின் ஒரு ஃபோட்டோ எடுத்து, வாங்கிக்கொண்டவரின் கையெழுத்தும் நேரமும் வாங்கிய பிறகு கதவைச் சாத்துங்கள்.

10. பெட்டியைப் பிரிப்பது

வந்தவுடன் திறக்காதீர்கள். படம் மாட்டப் போகும் அறையில் 24 மணி நேரம் அப்படியே நிற்கட்டும். குளிர்ந்த படம் சூடான அறைக்காற்றைச் சந்தித்தால், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலைப் போல வியர்க்கும். வாங்கியவருக்கு ஆசை பொறுக்காது. அனுப்பும்போதே எழுதிச் சொல்லிவிடுங்கள்.

காத்திருப்பது உள்ளே இருப்பதற்குத்தான். வெளியே இருப்பதை உடனே பார்க்க வேண்டும்: அதிர்ச்சிகாட்டி சிவந்திருக்கிறதா, பலகை நசுங்கியிருக்கிறதா, ஈரத் தடம் உண்டா. இருந்தால் டெலிவரி ரசீதில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். விமானச் சரக்கில் சேதத்தை 14 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும் என்று மாண்ட்ரியல் ஒப்பந்தம் சொல்கிறது. பாலிசி கேட்கும் கெடு அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம்.

மறுநாள் திறக்கும்போது ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு ஃபோட்டோ எடுங்கள். நிலை அறிக்கையைப் பக்கத்தில் வைத்து, அதே சாய்ந்த வெளிச்சத்தில், எண் எண்ணாக ஒப்பிடுங்கள். புதிதாக ஏதாவது தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். படத்தைத் துடைக்காதீர்கள். உதிர்ந்த துகள்களை ஒரு தாள் உறைக்குள் சேர்த்து வையுங்கள். ஃபோமையும் பலகையையும் எறியாமல், காப்பீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். பெட்டி எப்படி அடி வாங்கியது என்று அவர் பார்த்தாக வேண்டும்.

எல்லாம் நன்றாக இருந்தாலும் பெட்டி போகக்கூடாது. திருகுகளை ஒரு பையில் போட்டு உள்ளே ஒட்டி, மூடியில் படத்தின் பெயருக்குப் பதில் ஓர் எண் எழுதி, தரையிலிருந்து சற்று உயர்த்தி, ஈரமில்லாத இடத்தில் நிறுத்தி வையுங்கள். இந்தப் படம் என்றாவது கண்காட்சிக்கோ அடுத்த சொந்தக்காரரிடமோ போகும், அப்போது இதே அளவில் இன்னொரு பெட்டி செய்ய வாரக் கணக்கில் ஆகும்.